ஆமைக்கு வயதா, வருத்தமா? வளவில் வாழும் தரை ஆமையின் நோயையும் முதுமையையும் கண்டறியும் வழிகாட்டி

"அதுக்கு வயசு போட்டுது, அதுதான் சாப்பிடுதில்லை." ஆமை இரண்டு கிழமையாக மூலையில் ஒதுங்கிக் கிடந்தால் பெரும்பாலான வீடுகளில் சொல்லப்படுவது இதுதான். இந்த ஒரு வசனத்தால், காப்பாற்றக்கூடிய ஆமைகள் செத்துப் போகின்றன. தரை ஆமைக்கு முதுமை ஆண்டுக்கணக்கில் வரும். இரண்டு கிழமையிலோ இரண்டு மாதத்திலோ தெரியவந்த மாற்றத்தை, ஆமைக்கு எத்தனை வயதானாலும், வருத்தம் என்றே எடுத்துக் காரணத்தைத் தேடுங்கள்.

சென் ஹெலினா தீவில் வாழும் ஜொனதன் என்ற பேராமை 1832 அளவில் பொரித்ததாகக் கணிக்கப்படுகிறது. கண்புரையால் அதற்குப் பார்வை போனது, மணம் அறியும் திறனும் போனது. உணவைக் கண்டுபிடிக்க முடியாமல் மெலிந்து, அலகும் மழுங்கிப் போனது. கையால் சத்தான காய், பழம் ஊட்டத் தொடங்கிய பின் உடம்பு தேறியது, அலகும் மறுபடி கூரானது. அந்த வயதிலும் பார்வை போனது முதுமையால், மெலிந்தது பட்டினியால். இந்த இரண்டையும் பிரித்துப் பார்ப்பதுதான் ஆமை வளர்ப்பவரின் முக்கிய வேலை.

முதலில், உங்களிடம் இருப்பது எந்த ஆமை?

கால் தூண் மாதிரிக் கட்டையாக, விரலிடைச் சவ்வு இல்லாமல் இருந்தால் அது தரை ஆமை. இலங்கையின் வடக்கில், நம் பக்கத்தில், அது பெரும்பாலும் நட்சத்திர ஆமைதான். விரல்களுக்கிடையே சவ்வு இருந்தால் குளத்து ஆமை. குளத்து ஆமைகளில் ஒன்றான பாலாமையின் ஓட்டு விளிம்பு இயல்பாகவே மென்மையானது. அதைப் பார்த்து ஓடு இளகிவிட்டது என்று பயப்பட வேண்டாம். குளத்து ஆமையை வெறும் தரையில் வைத்திருந்தாலும், தரை ஆமையைக் கிணற்றில் விட்டாலும் சாவு நிச்சயம். தரை ஆமைக்கு நீந்தத் தெரியாது. இந்த வழிகாட்டி தரை ஆமைக்கு மட்டுமே.

சட்டத்தையும் சொல்லியாக வேண்டும். நட்சத்திர ஆமை, 1937ஆம் ஆண்டின் தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் இலங்கையில் பாதுகாக்கப்பட்ட உயிரினம். பிடிப்பதும் விற்பதும் வாங்குவதும் அனுமதியின்றி வைத்திருப்பதும் குற்றம். 2019 இல் உலக அளவிலான வணிகத் தடைப் பட்டியலிலும் மிகக் கடுமையான பிரிவுக்கு அது மாற்றப்பட்டது. உங்கள் வளவுக்குள் ஓர் ஆமை வந்து சேர்ந்திருந்தாலோ பழைய ஆள் விட்டுப் போயிருந்தாலோ வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்துக்கு அறிவியுங்கள். அவசர இலக்கம் 1992. பயந்துபோய்ப் பற்றைக்குள் கொண்டுபோய் விட்டுவிடாதீர்கள். வீட்டு ஆமை காவிச் செல்லும் மூச்சு நோய் காட்டு ஆமைகளுக்குத் தொற்றும். திணைக்களம் பொறுப்பேற்கும் வரைக்கும், அனுமதியோடு வைத்திருப்பவர்களுக்கு எப்போதும், கீழுள்ளவை பயன்படும்.

தராசும் ஒரு கொப்பியும்

ஆமையின் உடம்பு மிக மெதுவாக இயங்குவது. நாய்க்கு இரண்டு நாளில் வெளியே தெரியும் வருத்தம் ஆமைக்குத் தெரிய இரண்டு மாதம் எடுக்கலாம். முகத்தில் ஒன்றும் காட்டாது. காட்டிக் கொடுப்பது நிறைதான். 5 கிலோ வரை கிராமில் காட்டும் சமையலறை டிஜிட்டல் தராசு போதும்.

1. வளர்ந்த ஆமையை மாதம் ஒரு முறையும், குஞ்சைக் கிழமைக்கு ஒரு முறையும் நிறுங்கள். எப்போதும் காலையில், உணவுக்கும் குளிப்புக்கும் முன். குளிப்பில் ஆமை நிறையத் தண்ணீர் குடிக்கும், மூத்திரமும் போகும். பின்னர் நிறுத்தால் கணக்குப் பிழைக்கும்.

2. தராசில் ஒரு பேசினைக் கவிழ்த்து வைத்துச் சுழியமாக்கி, ஆமையின் அடியோட்டை அதன் நடுவில் இருத்துங்கள். கால் தரையில் எட்டாவிட்டால் ஆமை நகராது.

3. ஓட்டின் நீளத்தை நேர்கோட்டில் அளவுங்கள். ஆமையைச் சுவரோடு முட்ட வைத்து, மறுபக்கம் ஒரு புத்தகத்தை நிமிர்த்தி, இடைவெளியை அடிமட்டத்தால் அளந்தால் சரி. வளைவின் மேல் நாடா போட்டு அளந்தால் ஒவ்வொரு முறையும் வேறு அளவு வரும்.

4. திகதி, நிறை, நீளம், சாப்பிட்டது, கடைசியாக மலம் போன நாள் எல்லாவற்றையும் எழுதுங்கள். மேல், அடி, முகம் என மூன்று படம் எடுத்து வையுங்கள்.

1,200 கிராம் ஆமை 1,140 க்கு இறங்கினால் (5 வீதம்) ஒரு கிழமையில் மறுபடி நிறுத்துப் பாருங்கள். 1,080 க்கு வந்தால் (10 வீதம்) வைத்தியரிடம் போகும் நேரம். பெண் ஆமை முட்டையிட்ட பின் ஒரேயடியாக நிறை குறைவது இயல்பு. நீளம் கூடாமல் நிறை மட்டும் கூடிக்கொண்டே போனாலும் நல்லதில்லை. முட்டையோ, உடம்பில் நீர் தேங்குவதோ, மூத்திரப்பைக் கல்லோ இருக்கலாம். நிறையையும் நீளத்தையும் ஒப்பிட்டு நலம் சொல்லும் அட்டவணைகள் இணையத்தில் கிடைக்கின்றன. அவை மத்தியதரைக் கடல் நாட்டு ஆமைகளுக்கானவை. நட்சத்திர ஆமையின் உடலமைப்பு வேறு, அவற்றை நம்ப வேண்டாம்.

மாதாந்தப் பரிசோதனை: மூக்கிலிருந்து வால் வரை

காலை வெயில் பட்டு உடம்பு சூடேறிய பின் பாருங்கள். குளிர்ந்த ஆமை எல்லாச் சோதனையிலும் நோயாளி போலவே நடக்கும்.

மூக்குத் துவாரம் இரண்டும் காய்ந்து, திறந்து, ஒரே அளவாக இருக்க வேண்டும். குமிழி, ஈரம், ஒரு பக்கத் துவாரம் மட்டும் அரிபட்டுப் பெரிதாகியிருத்தல் ஆகியவை மூச்சு நோயின் அடையாளம். கண் முழுதாகத் திறந்து பளிச்சென இருக்க வேண்டும். குழிவிழுந்த கண்ணுக்குக் காரணம் பெரும்பாலும் நீரிழப்பு. வீங்கி மூடிய கண்ணைக் கண்டதும் விற்றமின் ஏ குறைபாடு என்று சொட்டு மருந்து வாங்கப் போகிறவர்கள் பலர். குளத்து ஆமைக்கு அது பொருந்தலாம். தழை தின்னும் தரை ஆமைக்கு அந்தக் குறைபாடு அரிது, தூசியோ தொற்றோதான் முதற் சந்தேகம். விற்றமின் ஏ ஊசி அளவு மீறினால் ஆமையின் தோலே உரிந்து கழன்றுவிடும்.

வாயைத் திறந்து பார்க்க, ஒருவர் பிடித்துக்கொள்ள மற்றவர் கீழ்த் தாடையை மெல்ல அழுத்துங்கள். முரண்டு பிடித்தால் விட்டுவிட்டு, செவ்வரத்தைப் பூவைக் காட்டி அது கடிக்கும்போது பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பு நல்லது. மஞ்சள் படலமும் நாற்றமும் எச்சில் ஒழுகுவதும் வாய்ப்புண். கண்ணுக்குப் பின்னால், காது இருக்குமிடத்தில் உருண்டையாக வீக்கம் இருந்தால் உள்ளே சீழ். ஆமையின் சீழ் திரவமாக ஓடாது, இறுகிக் கட்டியாகிவிடும். ஆகவே மருந்தால் மட்டும் கரையாது, வைத்தியர் வெட்டித்தான் எடுக்க வேண்டும்.

கையில் எடுத்தால் ஆமை கனக்க வேண்டும். பின்னங்காலை மெல்ல இழுத்தால் வெடுக்கென்று திருப்பி இழுக்க வேண்டும். நடக்கும்போது அடி ஓடு தரையில் உரசாமல் தூக்கி நடக்கிறதா, நான்கு காலும் ஒரே அளவு எட்டு வைக்கிறதா எனக் கவனியுங்கள். ஒரு மூட்டு மட்டும் தடித்துச் சூடாக இருந்தால் அடிபட்டதாகவோ, யூரிக் அமிலம் படிந்த மூட்டுவாதமாகவோ இருக்கலாம்.

ஓட்டைப் பெருவிரலால் அழுத்துங்கள். சில மாதக் குஞ்சின் ஓடு சற்று அமுங்கும். வளர்ந்த ஆமையின் ஓடு அமுங்கினால் கல்சியம் எலும்பிலிருந்து கரைந்து போகிறது. நட்சத்திர ஆமையின் ஓட்டுத் தகடுகள் இயல்பாகவே கொஞ்சம் கும்பமாக எழும்பியிருக்கும். தகட்டுக்குத் தகடு ஆழமான பள்ளம் விழுந்து கூம்பாக நின்றால், குஞ்சுப் பருவத்தில் காற்றீரமும் தண்ணீரும் போதாமல் வளர்ந்தது என்று அர்த்தம். அந்த வடிவம் இனித் திருந்தாது. ஆமை துடிப்பாக இருந்தால் அதைப் பற்றி வருந்தவும் வேண்டாம்.

மூச்சு நோய்: மாரிகாலத்தின் பெரும் ஆபத்து

நம் மழையில் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழி வரை கொட்டுகிறது. பின் வாடைக்காற்று. மார்கழி, தை இரவுகளில் வெப்பம் 22, 23 பாகைக்கு இறங்கும். குளிர் மட்டும் நட்சத்திர ஆமையைக் கொல்லாது. ஈரமண்ணில் படுத்து, குளிரும் சேர்ந்து, வெயிலும் காணாமல் நாள்கள் போவதுதான் கொல்லும். நட்சத்திர ஆமைக்குக் குளிர்கால உறக்கம் கிடையாது. ஆகவே மார்கழியில் அசையாமல் கிடப்பதைத் தூக்கம் என்று விட்டுவிட முடியாது.

ஆமைக்கு உதரவிதானம் இல்லை, நம்மைப் போல் இருமிச் சளியை வெளியே தள்ள முடியாது. நுரையீரலுக்குள் போனது உள்ளேயே தங்கி இறுகுகிறது. அறிகுறிகள் இந்த வரிசையில் வரும்: முதலில் மூக்கில் மெல்லிய நீர், பிறகு குமிழி, சாப்பாட்டில் ஆர்வமின்மை, மூச்சு விடும்போது கீச்சுச் சத்தம். கடைசியில் கழுத்தை நீட்டி, வாயைத் திறந்து, முன்னங்கால்களைத் துருத்தி போல இயக்கி மூச்சு வாங்கும். வாய் திறந்து மூச்சு விடும் ஆமைக்கு நாளை என்று தவணை சொல்லக்கூடாது.

மூக்கில் நீரைக் கண்ட அன்றே ஆமையை உள்ளே எடுங்கள். பெரிய காட்போட் பெட்டியில் காய்ந்த துணியோ கடதாசியோ விரித்து, ஒரு முனையை மட்டும் 30 பாகையில் வைத்திருங்கள், மறுமுனை அறை வெப்பத்தில் இருக்கட்டும். எல்.ஈ.டி மின்குமிழ் சூடு தராது. 60 வாற்று பழைய இழைக் குமிழை ஓட்டிலிருந்து 40 சென்ரிமீற்றர் உயரத்தில், பெட்டியிலும் துணியிலும் படாமல் கட்டித் தொங்கவிட்டு, வெப்பமானியை ஆமையின் முதுகு மட்டத்தில் வைத்துச் சரிபாருங்கள். இரவிலும் 26 க்குக் கீழே விட வேண்டாம். மற்ற ஆமைகளிடமிருந்து பிரித்து, பாத்திரங்களையும் வேறாக வையுங்கள். மூச்சு நோயைத் தரும் மைக்கோபிளாஸ்மா கிருமி மூக்கு நீரால் பரவும், குணமான பிறகும் உடம்பில் தங்கும். மனிதருக்கான அன்டிபயோட்டிக்கை உடைத்துக் கொடுப்பது, மூக்கில் தைலம் பூசுவது, ஆவி பிடிப்பது எதுவும் வேண்டாம்.

வறட்சியும் மூத்திரப்பைக் கல்லும்

மாரி முடிந்தபின் இங்கே நீண்ட வறட்சி. பங்குனி முதல் ஆவணி வரை ஆமை மதியத்தில் பதுங்கிக் கிடந்து, அதிகாலையிலும் மாலையிலும் மட்டும் வெளியே வந்து மேய்வது சாதாரணம். அந்த நேரங்களிலும் வராவிட்டால் தண்ணீர்க் குறைவைச் சந்தேகியுங்கள்.

ஆமை கழிவை வெள்ளைப் பசையாக, யூரேற்றாக வெளியேற்றும். மென்மையான வெள்ளைப் பசை நலம். விரலில் தேய்த்தால் மணல் போல நெருடினால் தண்ணீர் போதவில்லை. அது நீடித்தால் மூத்திரப்பையில் கல்லாகும். கல் வளர்ந்தால் ஆமை முக்கும், பின்னங்கால்களை இழுத்து நடக்கும், மலத்தில் இரத்தம் தெரியும். எக்ஸ்ரேயில் கல் தெளிவாகத் தெரியும். பெரிய கல்லுக்குச் சத்திரசிகிச்சை தவிர வழியில்லை.

தடுப்பது மிகச் சுலபம். வெயிலில் வைத்துச் சூடேறிய கிணற்றுத் தண்ணீரை அகன்ற பேசினில், மேலோடும் அடியோடும் சேரும் வரம்பு வரை ஊற்றி, 20 நிமிடம் ஆமையை விடுங்கள். தலையை உயர்த்தாமலே மூக்கு தண்ணீருக்கு மேலே இருக்க வேண்டும். வறட்சிக் காலத்தில் கிழமைக்கு இரண்டு தடவை, குஞ்சுக்கு நாளாந்தம். பக்கத்தை விட்டு எழும்பிப் போக வேண்டாம்.

சோறு, பாண், பால், கருவாட்டுத் துண்டு, நாய்ச் சாப்பாடு ஆகியவை ஆமைக்கு ஆகாத உணவுகள், இவற்றில் புரதம் மிகுந்தவை சிறுநீரகத்தைக் கெடுக்கும். ஆமை ஆசையாகத் தின்னும் என்பது ஒரு சான்றல்ல. அறுகம்புல்லும் மற்றப் புல் பூண்டுகளும் பெரும்பங்காக, செவ்வரத்தை இலையும் பூவும், முருங்கையிலை, முள் நீக்கிய நாகதாளி மடல் கொடுங்கள். பசளியும் முளைக்கீரையும் கல்சியத்தை உடம்பில் சேரவிடாத ஒக்சலேற் மிகுந்தவை, எப்போதாவது போதும். பப்பாசி, வாழைப்பழம் மாதத்தில் ஒரு துண்டுக்கு மேல் வேண்டாம், வயிற்றோட்டமும் புழுவும் பெருகும். சந்தைக் கீரையில் பூச்சிமருந்து இருக்கலாம், நன்றாக ஊறவைத்துக் கழுவுங்கள். கல்சியத்துக்குக் கணவாய் ஓடு சிறந்தது. கடற்கரையில் பொறுக்கியதென்றால் இரண்டு நாள் தண்ணீர் மாற்றி ஊறவைத்து உப்பெடுத்து, காயவிட்டு, வளவில் போட்டுவிடுங்கள். அலகும் தேயும். வெயில் நேரே படவேண்டும், ஜன்னல் கண்ணாடியூடாக வரும் வெயிலில் கல்சியத்தை உடம்பில் சேர்க்கும் கதிர் இல்லை.

ஓட்டுப் புண், உண்ணி, இலையான், புழு

ஓட்டில் பள்ளம், நிறம் மங்கிய மென்மையான இடம், தகட்டின் அடியில் நீர், நாற்றம் இவற்றில் எது இருந்தாலும் அது அழுகல். பழைய மென்தூரிகையால் ஊத்தையை எடுத்து, 10 வீத பொவிடோன் அயடின் ஒரு பங்குக்கு 10 பங்கு கொதித்தாறிய தண்ணீர் கலந்து ஒத்தி, 10 நிமிடத்தில் கழுவி, முழுதாகக் காயவிடுங்கள். நாளுக்கு ஒரு முறை. ஒரு கிழமையில் காயாவிட்டாலோ எலும்பு தெரிந்தாலோ வைத்தியர். ஓட்டுக்கு எண்ணெய் பூசுவது அழகுக்காக நடக்கும் கெடுதி, ஈரத்தை உள்ளே அடைத்துக் கிருமியை வளர்க்கும்.

தொடை இடுக்கிலும் கழுத்து மடிப்பிலும் உண்ணி ஒளிந்திருக்கும். இடுக்கியால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து எடுங்கள். நாய்க்குப் போடும் உண்ணி மருந்தைத் தெளிக்காதீர்கள். காயம் உள்ள ஆமை வெளியே இருந்தால் இலையான் முட்டையிடும், அடுத்த நாளே புழு நெளியும். காயம் ஆறும்வரை வலையடித்த பெட்டிக்குள் வைத்திருங்கள்.

குடற்புழுவுக்கு ஒரு எச்சரிக்கை, இதைக் கொப்பியின் முதற் பக்கத்தில் எழுதி வையுங்கள்: ஐவர்மெக்ரின் ஆமையைக் கொல்லும். மாட்டுக்கும் நாய்க்கும் வழக்கமாகப் பாவிக்கும் அதே மருந்து ஆமையின் மூளைக்குள் புகுந்து உடம்பைச் செயலிழக்கச் செய்துவிடும். யார் ஊசி போட வந்தாலும் முதலில் இதை நினைவூட்டுங்கள். மலத்தைச் சோதித்துப் புழு எதுவென்று கண்ட பின் வேறு மருந்தை வைத்தியர் நிறைக்கேற்பத் தருவார்.

பெண் ஆமை ஆண் இல்லாமலே முட்டை உருவாக்கும். தோண்டத் தகுந்த மண் இல்லாவிட்டால் முட்டை உள்ளேயே தங்கும். அலைச்சல், அரைகுறையாகக் குழி தோண்டிக் கைவிடுதல், பிறகு சோர்வு, பின்னங்கால் தளர்ச்சி என்று போகும். நம் செம்பாட்டு மண் கோடையில் இறுகிக் கல்லாகிவிடும். நிழலான ஒரு மூலையில் ஒன்றரை அடி ஆழத்துக்குக் கொத்தி, மணல் கலந்து, ஈரமாக வைத்திருங்கள்.

உடனே ஓடவேண்டிய நிலைமைகள்

நாய் கடித்த, வாகனம் ஏறிய ஆமையின் வெடிப்பை, 1 லீற்றர் கொதித்தாறிய தண்ணீரில் ஒன்றரைத் தேக்கரண்டி உப்புக் கரைத்துக் கழுவி, சுத்தமான கோஸ் துணியால் மூடிக் கொண்டு போங்கள். சுப்பர் குளூ போட்டு ஒட்டினால் கிருமியை உள்ளே பூட்டியதாகும். கிணற்றில் விழுந்ததை எடுத்தால் தலையைக் கீழே சரித்து, முன்னங்கால்களை உள்ளும் வெளியுமாக மெல்ல இயக்கித் தண்ணீரை வடியவிடுங்கள். தேறிவிட்டாலும் வைத்தியரிடம் காட்டுங்கள், சில நாளில் நுரையீரல் அழற்சி வரக்கூடும். வெயிலில் கவிழ்ந்து கிடந்தாலோ தகரக் கொட்டிலுக்குள் அகப்பட்டு வாயில் நுரை தள்ளினாலோ நிழலுக்கு எடுத்துச் சாதாரண தண்ணீரில் வையுங்கள், ஐஸ் வேண்டாம். ஆண் ஆமையின் உறுப்பு வெளியே வந்து உள்ளே போகாவிட்டால் அதைக் காயவிடாமல் சீனிக் கரைசலில் நனைத்த துணியால் சுற்றி, அன்றைக்கே போங்கள். சீனி வீக்கத்தை இழுக்கும்.

வளவு கூட்டிக் குவித்த சருகைக் கொளுத்துமுன் ஒவ்வொரு தடவையும் கையால் கிளறிப் பாருங்கள். ஆமைக்கு அதைவிடப் பிடித்த படுக்கை இல்லை.

உண்மையான முதுமை எப்படித் தெரியும்?

ஓட்டு வளையத்தை எண்ணி வயது சொல்வது பிழை. வளர்ச்சி வேகமாகும் ஒவ்வொரு பருவத்துக்கும் ஒரு வளையம் விழும், ஓராண்டில் இரண்டும் விழலாம். முதிர்ந்த பின் வளையம் தேய்ந்து அழியும். வளையம் எல்லாம் மழுங்கி ஓடு வழவழப்பாக, நட்சத்திரக் கோடு மங்கி, பல ஆண்டாக நீளம் கூடாமல் இருந்தால் ஆமை முதிர்ந்தது என்று மட்டும் சொல்லலாம். நன்றாகப் பராமரித்த நட்சத்திர ஆமை 30 ஆண்டைத் தாண்டுவது சாதாரணம், அதற்கும் மேல் நெடுநாள் வாழக்கூடும்.

முதுமையோடு வருபவை சில. கண்மணி இரண்டும் மெல்ல மெல்லப் பால்நிறமாவது கண்புரை. ஒரு கண் மட்டும் சில நாளில் வெளுத்தால் அது காயம். காலையில் கால் விறைத்து, வெயில் ஏற ஏறத் தளர்வது மூட்டுத் தேய்வு. சூடேறிய பின்னும் நொண்டினால் வேறு காரணம். முட்டையின் எண்ணிக்கை குறையும், சாப்பாடு மெதுவாகும், ஆனால் நிறை நிலையாக நிற்கும். நிறை இறங்கினால் சிறுநீரகத்தைச் சோதிக்க இரத்தப் பரிசோதனை வேண்டும். முதிர்ந்த ஆமையைக் கொல்வது பெரும்பாலும் சிறுநீரகம்தான்.

பார்வை குறைந்த ஆமைக்கு உணவை ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், சிவப்புப் பூ மேலே தெரியும்படி வையுங்கள். வளவின் அமைப்பை மாற்ற வேண்டாம். விறைப்புள்ள ஆமைக்குப் படிகளை எடுத்து, தண்ணீர்த் தட்டை நில மட்டத்துக்குப் புதையுங்கள். அலகு நீண்டால் வைத்தியர் அராவுவார். நகவெட்டியால் வெட்டினால் பிளந்துவிடும். முதிர்ந்த ஆமையை மாதம் இரண்டு தடவை நிறுங்கள்.

வைத்தியரிடம் போகும்போது

அரச மிருக வைத்திய அலுவலகத்தில் நாளாந்தம் பார்ப்பது மாடும் ஆடும் நாயும். ஆமையைக் கொண்டு வருகிறோம் என்று முன்கூட்டியே கதைத்து, எக்ஸ்ரே எங்கே எடுக்கலாம் என்றும் கேட்டு வையுங்கள். சிக்கலானவற்றுக்குப் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவ போதனா வைத்தியசாலை உண்டு. ஈரச்சாக்கு விரித்த கடகத்தில் போட்டுப் பஸ்ஸில் கொண்டுபோனால் காற்றில் குளிர்ந்துவிடும். காய்ந்த துணி விரித்து, துளையிட்டு மூடிய பெட்டியே நல்லது. கொப்பி, படங்கள், இருபத்து நான்கு மணித்தியாலத்துக்குள் போன மலம் ஒரு சிறு போத்தலில், இவை மூன்றும் கூடப் போகட்டும். ஊசியை முன்னங்காலில் போடச் சொல்லிக் கேட்கலாம். பின்னங்கால் இரத்தம் சிறுநீரகத்தினூடு திரும்புவதால் மருந்து அங்கேயே வடிந்து போகக்கூடும். மருந்து வேலை செய்ய உடம்பு சூடாக இருக்க வேண்டும். ஆமைக்கு மருத்துவம் வாரக்கணக்கில், சில வேளை மாதக்கணக்கில் எடுக்கும், தேறுகிறது என்று இடையில் நிறுத்தினால் திரும்பவும் வரும்.

ஆமையைத் தொட்ட பின் சவர்க்காரத்தால் கை கழுவுங்கள். நலமான ஆமையும் சல்மனெல்லாவைக் காவும், 5 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு அது கடுமையாக வரும். ஆமையின் பேசினைச் சமையலறையில் கழுவக் கூடாது.

அசையாத ஆமையை அவசரப்பட்டுப் புதைக்காதீர்கள். மூச்சு மணிக்கணக்கில் நின்றதுபோல் இருந்தும் இதயம் அடித்துக்கொண்டிருக்கும். 28 பாகை சூட்டில் ஒரு நாள் வைத்து, கண் ஓரத்தைத் தொட்டுப் பார்த்து, வைத்தியர் உறுதிப்படுத்திய பிறகே முடிவு செய்யலாம். மீளமுடியாத நோயில் துன்பப்படும் ஆமையைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் நோகாமல் சாகும் என்று சிலர் சொல்வதைக் கேட்க வேண்டாம், அது கொடுமையான சாவு. அதை வைத்தியர் மயக்கமருந்து கொடுத்துத்தான் செய்ய வேண்டும். இறந்த நட்சத்திர ஆமையின் ஓட்டை அலங்காரமாக வைப்பதற்கும் கைமாற்றுவதற்கும் அதே சட்டம் பொருந்தும். திணைக்களத்துக்கு அறிவித்து, அவர்கள் சொன்னபடி செய்யுங்கள்.